ஒன்பது அங்குலம்

அண்ணே,

இன்று காலை ஹாலுக்குச் சிவப்பு மெழுகு போட்டேன். டப்பாவைத் திறந்ததுமே அந்த வாசம் குப்பென்று வந்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு. "பாப்பா, இன்னைக்கு நான் பாட்டுக் கேக்கிறதா, மயங்கி விழுறதா?" என்று கேட்பீர்களே, அந்த முகத்தோடு. எனக்கு அறுபத்தெட்டு வயதாகிவிட்டது. பாப்பா என்று கூப்பிட இனி ஆளில்லை என்பதை ஒரு மெழுகு டப்பாவா வந்து சொல்ல வேண்டும்? கொஞ்ச நேரம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு வழக்கம்போல உங்கள் ஸ்பீக்கர் இரண்டையும் சுற்றி வளைத்துத் தேய்த்து முடித்தேன். அவற்றின் அடியில் மெழுகு படாத இரண்டு சதுரங்கள் இருக்கின்றன. இந்தக் கடிதம் அந்தச் சதுரங்களைப் பற்றியது.

நீங்கள் போன பிறகு ஒரு வருடம் நான் பாட்டுப் போடவே இல்லை. போட்ட அன்று, பாட்டோடு சேர்த்து யாரோ காகிதத்தைக் கசக்குவது போல ஒரு சத்தம். உள்ளே இருக்கும் பஞ்சு வளையம் நம் ஊர் ஈரத்துக்கு உளுத்துப் போய்விட்டதாம். அலவத்துகொடையிலிருந்து வந்த றிஸ்வான் பார்த்துச் சொன்னார். இப்படிப்பட்ட பெட்டிகளைத் திருத்துவதுதான் அவருடைய தொழில். தாடியில் நரை விழுந்த, அளந்து பேசுகிற மனிதர். அடியில் நீங்கள் வைத்திருந்த பலா மரப் பலகைகளோடு சேர்த்து இரண்டையும் அவர் வேனில் ஏற்றிய பிறகு, கூட்டலாம் என்று விளக்குமாற்றோடு ஹாலுக்கு வந்தேன். சிவப்புத் தரையில் வெளிறிய சதுரங்கள் இரண்டு கிடந்தன. ஒன்று சுவருக்குப் பக்கத்தில். மற்றது, இடப்பக்கத்தது, பாட்டுக் கேட்க உட்காரும் நடுக் கதிரையை நோக்கி முன்னால் வந்திருந்தது. இத்தனை வருடம் அதைச் சுற்றி மெழுகு தேய்த்தவள் நான். இடது பக்கத்தில் கண்ணாடி அலுமாரி நின்று மறைத்ததில், இந்த வித்தியாசம் என் கண்ணில் பட்டதே இல்லை.

பில் புத்தகத்தை எடுக்க உள்ளே வந்த றிஸ்வானும் பார்த்தார். டேப்பைப் போட்டு அளந்தார்.

"ஒன்பது அங்குலம் பிழையா வெச்சிருக்காங்க டீச்சர். ரெண்டும் கதிரைக்கு ஒரே தூரத்துல இருக்கணும். திருப்பிக் கொண்டு வரக்குள்ள நான் சரியா வெச்சித் தாறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பத்திரண்டு வருடம் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவர் நீங்கள். பென்சில் கோட்டின் தடிப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற ஆள். தோசை வட்டமாக இல்லை என்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆள். நீங்களாவது ஒன்பது அங்குலம் பிழை விடுவதாவது. ஆனாலும் டேப் பொய் சொல்லாதே. "சரி தம்பி, பாப்பம்" என்று அனுப்பிவிட்டு, அந்த இரண்டு வாரமும் சதுரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

அந்தப் பெட்டிகளுக்காக நீங்கள் எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். இளவயதில் எல்லைப் படம் சரிபார்க்கத் தெல்தோட்டைப் பக்கம் போனீர்கள். மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துத் துரை உங்களைப் பங்களாவுக்குள் கூப்பிட்டு, இரண்டு பெட்டிகளுக்கும் நேரே போட்டிருந்த ஒற்றைக் கதிரையில் உட்கார வைத்து ஓர் இசைத்தட்டைப் போட்டார். தோட்டத்துக் கூலியாகவே இருந்து செத்த நம் தாத்தா அதே மாதிரிப் பங்களாப் படியில் கால் வைத்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்து சொன்னீர்கள்: "பாடுறவங்க எனக்கு முன்னால வந்து நின்னாங்க பாப்பா. கைய நீட்டுனா தொடலாம். ஆனா அந்தக் கதிரையில இருந்தாத்தான். கொஞ்சம் தள்ளி உக்காந்தாலும் ஆள் போயிடும்." இதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அண்ணி சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். கேட்பதற்கு நான்தான் மிச்சம்.

இருபது வருடம் கழித்து, அந்தப் பெட்டிகள் பங்களா ஸ்டோரில் தூசி பிடித்துக் கிடப்பதாகத் தோட்டத்துக் கிளாக்கர் தகவல் அனுப்பினார். அப்போது அண்ணி போய்ச் சேர்ந்திருந்தார். நீங்கள் ஓய்வு பெற்று, நாம் இருவரும் குண்டசாலையில் இந்த வீட்டுக்கு வந்திருந்தோம். மரக்கறிச் சந்தைக்குக் கோவா மூட்டை ஏற்றிய லொறியில், மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பெட்டிகளும் கலியாணப் பெண் மாதிரிப் போர்த்துக்கொண்டு வந்து இறங்கின. ஒரு வாரம் ஹாலெல்லாம் கோவா நாற்றம். நீங்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் வீடு வீடாக இல்லை. சுவரோடு வைத்தால் குடத்துக்குள் பேசுவது போல இருக்கிறது என்று முன்னால் இழுப்பீர்கள். இழுத்தால் சாப்பாட்டு மேசைக்கு வழி இருக்காது. மத்தளம் ஒலித்தால் கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் நடுங்கும். கோப்பைகளை வெளியே எடுத்தால் சாமிப் படத்துக் கண்ணாடி தொடங்கும். சாமியையே இடம் மாற்றச் சொன்ன அன்றைக்கு நான் சமைக்கவில்லை. ஹாலில் எதிரொலி எவ்வளவு என்று பார்க்க நீங்கள் மூலைக்கு மூலை நின்று கையைத் தட்டியதில், பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பூசையா, பிரசாதம் உண்டா என்று கேட்டார். கடைசியில் நாம் பாய் விரித்தோம், தடித்த திரை போட்டோம், கோப்பைகளுக்கு அடியில் துணி வைத்தோம். சாமி அவர் இடத்திலேயே இருந்தார்.

பிறகு வந்த மூன்று வாரம்தான் இப்போது என்னை விடாமல் சுற்றுகிறது. முதுகு வலிக்கிறது, குனிந்து தள்ளிவிட்டு ஓடி வந்து உட்கார முடியாது என்று சொல்லி, நடுக் கதிரையில் என்னை உட்கார வைத்தீர்கள். "கண்ண மூடு. பாடுறவங்க எங்க நிக்கிறாங்கன்னு கைய காட்டு." நான் காட்டுவேன். எப்போதும் வலப்பக்கம்தான் காட்டினேன் போலிருக்கிறது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் போய் இடது பெட்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவீர்கள். மறுபடி, "கைய காட்டு." அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிறது என்று நான் கத்துவேன். ஒருநாள் பின்னேரம் நான் காட்டிய விரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, சுவர் மணிக்கூட்டுக்கு நேர் கீழே போய் நின்றதாம். கண்ணைத் திறந்தபோது நீங்கள் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "சரி. இனி இத யாரும் தொடக் கூடாது" என்றீர்கள். அன்று இரவு வழக்கத்தைவிட ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டீர்கள்.

அதோடு நடுக் கதிரை என்னுடையதாகிவிட்டது. உங்களுக்குச் சன்னலோரக் கதிரை. "எனக்குக் காத்து வேணும்" என்றீர்கள். மார்கழியில் குல்லாயும் மப்ளரும் போட்டுக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதருக்குக் காற்று வேணுமாம். நானும் நம்பினேன். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், இந்தக் கணக்கில் கோட்டை விட்டேன்.

உங்கள் கந்தோர் நண்பர் ஒருவர் ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். விருந்தாளி என்று நடுக் கதிரையை அவருக்குக் கொடுத்தோம். பாதிப் பாட்டில் தலையைச் சரித்துக்கொண்டு, "இடப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக் கிடக்கு, என்ன?" என்றார். நீங்கள் பட்டென்று, "அது உங்க காதுல உள்ள கோளாறு" என்றீர்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். முகம் வெளுத்துப் போயிற்று. நான் ஒன்றும் கேட்காதவள் போல வடைத் தட்டை நீட்டினேன்.

ஏனென்றால் காது என்ற சொல் நம் வீட்டில் புழங்காது. எனக்கு ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இறங்கியபோது இடது காதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு போயிற்று. "பொம்பளப் புள்ள. வெளிய யாரும் மூச்சு விடக் கூடாது" என்று அம்மா சொன்னார். அப்போது உங்களுக்குப் பதினொரு வயது. அன்றைக்கு மூடிய வாயை நீங்கள் திறக்கவே இல்லை. தெருவில் என் வலப்பக்கமாக நடந்தீர்கள், பஸ்ஸில் வலப்பக்கம் உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். மாத்தளையிலிருந்து என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அத்தை இடப்பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டார். நான் சும்மா சிரித்துக்கொண்டு இருந்தேன். பொண்ணுக்குத் திமிர் என்று சொல்லிப் போய்விட்டார்கள். திமிர் என்றே இருக்கட்டும் என்று அம்மா விட்டுவிட்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். வகுப்பில் இடப்பக்க வாங்கில் இருந்த பிள்ளைகள்தான் யோகக்காரர்கள். எவ்வளவு கதைத்தாலும் ஏச்சு விழாது.

இரண்டு வாரம் கழித்து றிஸ்வான் வந்தார். டேப்பைப் பிடித்து இரண்டு பெட்டிகளையும் கதிரைக்குச் சரிசமமாக வைத்தார். பாட்டு தொடங்கியது. கசக்கும் சத்தம் இல்லை. ஆனால் பாடுகிற அம்மா சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"இன்னும் பழுது இருக்கு தம்பி. இடது பக்கம் சரியாப் பாடல."

அவர் இரண்டு பெட்டிக்கும் மாறி மாறிக் குனிந்து கேட்டார். "ரெண்டும் ஒரே மாதிரித்தான் பாடுது டீச்சர்."

"அப்ப பழைய சதுரத்துலேயே வைங்க."

தயங்கினார். ஆனாலும் வைத்தார். அந்த அம்மா மெதுவாக நடந்து வந்தது போல மணிக்கூட்டுக்குக் கீழே வந்து நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் எழும்பி இடம் கொடுக்க, றிஸ்வான் நடுக் கதிரையில் உட்கார்ந்து பார்த்தார்.

"இடது பக்கமா இழுக்குதே. உங்களுக்கு எங்க இருந்து கேட்டிச்சு டீச்சர்?"

கையைத் தூக்கி மணிக்கூட்டுக்குக் கீழே காட்டினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது, அண்ணே. கண்ண மூடு, கைய காட்டு என்ற உங்கள் குரல் கேட்டது. முதுகு வலி வந்தது ஏன் என்று விளங்கியது. குல்லாய் போட்டவருக்குக் காற்று எதற்கு என்று விளங்கியது. றிஸ்வான் பெட்டிகளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பிறகு தரையிலிருந்த சதுரங்களைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. நீங்கள் பிழை விட்டதாக அவர் நினைத்துக்கொண்டு போகக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

"எனக்கு இடது காது சரியாக் கேக்காது தம்பி. அண்ணன் அதுக்குத்தான் அளந்து வெச்சிருக்காங்க."

அறுபது வருடத்தில் முதல் தடவை. கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. றிஸ்வான், "எங்கட உம்மாக்கும் ஒரு பக்கம் அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். பிறகு, "இவ்வளவு கரெக்டா மெசின் வெச்சாலும் அளக்க ஏலாது டீச்சர். நல்ல மனுசன்" என்றார்.

அவர் போன பிறகு, உங்கள் சன்னலோரக் கதிரையில் முதல் முறையாக உட்கார்ந்து ஓர் இசைத்தட்டு முழுவதையும் கேட்டேன். வலது பெட்டி மட்டும்தான் பாடியது. மற்றது எங்கோ அடுத்த வீட்டில் கேட்பது போல. பாடுகிறவர் எங்கும் வந்து நிற்கவில்லை. பதினாறு வருடம் நீங்கள் கேட்டது இதைத்தான். இருபது வருடம் ஆசைப்பட்டுக் காத்திருந்த கதிரையில் என்னை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து, "எப்படி, முன்னால வந்து நிக்கிறாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் "ம்ம்" என்று சொல்லிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. சொல்லியிருந்தால் நான் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுத்திருக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாதா? என் வீம்பையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நன்றி என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், பெரிய மனதுக்காரரே.

பெட்டிகள் சதுரங்களின் மேலேயே நிற்கின்றன. மெழுகு போடும்போது அவற்றை நகர்த்துவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வெள்ளிக்கிழமை கோவிலில், தெரிந்த பெண் ஒருத்தி இடப்பக்கமாக வந்து ஏதோ சொன்னாள். பழக்க தோஷம், சிரிக்கப் போனேன். பிறகு, "அந்தக் காது எனக்குக் கேக்காதும்மா. இந்தப் பக்கம் வாங்க" என்றேன். அவள் சுற்றிக்கொண்டு வந்து, என் வலப்பக்கத்தில், நீங்கள் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். அவள் சொன்னது அத்தனையும் எனக்குக் கேட்டது, அண்ணே.