போளி போட்ட ஞாயிற்றுக்கிழமை

அன்பு மாப்பிள்ளை மாரியப்பா,

புனே நிக்டியில் நம் தமிழ்ச் சங்கத்தின் மாதாந்திர மதியச் சாப்பாடு நீ போன பிறகும் நடக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சிறப்பு விருந்தினர் பேசுவதும் நிற்கவில்லை. கடைசி வரிசையில் உன் நாற்காலியில் வேறு யாரும் உட்காராதபடி என் பையை வைத்துவிடுகிறேன்.

"அத்தான், பேச வாரவன் என்னத்தையோ விக்கத்தான் வாரான்" என்பாயே. ராசிக்கல்காரர், பங்குச் சந்தைக்காரர், சாகணில் மனை வாங்கச் சொன்னவர் என்று ஒருவரையும் நாம் விட்டுவைத்ததில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்ட நீ, உன் காலில் வந்த புண்ணை மட்டும் செருப்புக் கடி என்று எப்படி நம்பினாய்? சர்க்கரை மாத்திரையை நிறுத்தியதை எங்களிடம்கூட ஏன் சொல்லவில்லை?

இப்போது உன் அக்கா கதையைக் கேள். போன மாதம் வைத்தியர் என்று ஒருவர் பேச வந்தார். சர்க்கரை என்று ஒரு நோயே இல்லையாம். அவருடைய பொடியைச் சாப்பிட்டால் போதுமாம். உன் அக்கா வீட்டுக்கு வந்ததும் தன் சர்க்கரை மாத்திரையை அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டுவிட்டாள். அந்த ஆளை நம்பாதே என்றேன்.

"நீங்க யாரைத்தான் நம்புவீங்க? பெத்த தாய்கிட்டயே அடையாள அட்டை கேப்பீங்க" என்று என்னை மடக்கினாள்.

இந்த மாதமும் அவரையே அழைத்திருந்தார்கள். வாசல் பலகையில் எழுதுவது என் மகள் கவிதாவின் வேலை. மேலே விருந்தினர் பெயர், கீழே அன்றைய இனிப்பு, அதுதான் வழக்கம். அன்று போளி. புனேயில் பிறந்தவள், தமிழ் பேசுவாள், எழுத்தில் தடுமாறுவாள். வைத்தியர் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'போலி' என்று எழுதி வைத்துவிட்டாள்!

"பிள்ளே, இந்த ல இல்ல, அந்த ள-ல்லா போடணும்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா, க்யா ஃபரக்?" என்றாள், பாதி இந்தியில்.

அழிப்பதற்குள் வைத்தியர் வந்துவிட்டார். பலகையைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. என்னை ஓரமாக இழுத்துப்போய், "யாரு சார் உங்களுக்குச் சொன்னது? நாசிக்ல நடந்தது வேற விஷயம் சார்" என்றார்.

நான் நாசிக் பேச்சையே எடுக்கவில்லை, மாப்பிள்ளை! "எல்லாருந்தான் சொல்லுதாங்க" என்று சும்மா ஒரு போடு போட்டேன். கண்ணாடியைக் காரில் வைத்துவிட்டேன் என்று போனவர் திரும்பவே இல்லை. நாங்கள் பேச்சைக் கேட்காமலே சாப்பிட்டோம்.

வீட்டில் உன் அக்கா, நான்தான் அவரை விரட்டினேன் என்று சண்டைக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னதும் யோசித்தாள். "எழுத்துப் பிழைன்னா சிரிச்சிருப்பாரு. யாரு சொன்னதுன்னு ஏன் கேக்காரு?" மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதையும் எவனோ ஒருத்தன் விக்கத்தானே செய்யுதான்?"

"இத விட்டதுல ஒந்தம்பிக்கு என்னாச்சுன்னு நமக்குத் தெரியும்லா" என்றேன். அழுதாள். அழுதபடியே விழுங்கினாள்.

விழுங்கினாளா, நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டாளா? "வாயைத் தொற" என்றேன். திட்டிக்கொண்டே திறந்தாள்.

இனி தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்கச் சொல்வேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். உன்னை அனுப்பிவிட்டுச் சுடுகாட்டிலிருந்து வீடு திரும்பிய அன்று கதவைத் திறந்துவிட அவள் இருந்தாள். அவளையும் அனுப்பிவிட்டு என்னால் அந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது, மாப்பிள்ளை.

உன் அக்காவைக்கூட நம்பாத,
உன் அத்தான்