மார்சலி என்கிற பெயர்

எடின்பரோ,
4 மார்ச் 1968

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். இங்கே ஓயாத மழை. நீங்கள் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டைதான் என்னைக் காப்பாற்றுகிறது.

மூன்று வாரமாக ஆவணக் காப்பகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்துகிறேன். நம் ஆட்கள் இங்குள்ள ஸ்கை தீவிலிருந்துதான் கனடாவுக்குக் கப்பலேறியிருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா யூவனுக்கு அங்கே ஏஃபி என்ற பெயரிலேயே இரண்டு பெண்கள். எழுதியவர் தூங்கி வழிந்திருப்பார் என்று நினைத்தேன். காப்பகத்தில் வேலை பார்க்கும் கெடஸ் சிரித்தார்.

"முதல் பொண்ணுக்கு அம்மாவைப் பெத்தவ பேரு, ரெண்டாவதுக்கு அப்பாவைப் பெத்தவ பேரு. அதாம்மா நம்ம முறை. மூத்தது செத்துப் போச்சுன்னா அதே பேரை அடுத்ததுக்கு வைப்பாங்க. உசிரோட இருக்கிற பிள்ளை பேரை எடுக்க மாட்டாங்க" என்றார். தேடினேன். மூத்த ஏஃபி இரண்டு வயதில் இறந்திருக்கிறாள்.

அது இருக்கட்டும். உங்கள் அம்மா பெயர் மார்சலி. உங்கள் ஒரே பெண்ணான நான்தானே மார்சலியாக இருக்க வேண்டும்? அப்பாவின் அம்மா பெயரை எனக்கு வைத்தீர்களே, மாமியாரிடம் அவ்வளவு பயமா? ஆகஸ்டில் குடும்பம் கூடும்போது நார்மன் அண்ணன் நான் எழுதும் வம்சப் பட்டியலைத் தேவாலயத்தில் வாசிக்கப் போகிறான். யாராவது கேட்டால் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்,
கிர்ஸ்டி

கேப் பிரிட்டன்,
19 மார்ச் 1968

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு,

துறைமுகத்தில் பனிக்கட்டி இன்னும் கரையவில்லை. படகுகள் சும்மா கிடக்கின்றன, நார்மன் வீட்டிலேயே உட்கார்ந்து என் உயிரை வாங்குகிறான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

பெயர் விஷயம் ஒன்றுமில்லை. மார்சலி பழங்காலப் பெயர், எனக்குப் பிடிக்கவில்லை. பட்டியலை உன் அப்பாவோடு நிறுத்திக்கொள். உயிரோடு இருப்பவர்களை எதற்கு எழுதவேண்டும்? சீக்கிரம் ஊர் வந்து சேர்.

அம்மா

எடின்பரோ,
2 ஏப்ரல் 1968

அம்மா,

நார்மனுக்கு அப்பாவின் அப்பா பெயர். சின்னண்ணனுக்கு உங்கள் அப்பா பெயர். எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. என்னிடம் வரும்போது மட்டும் ஒரு பெயரைத் தாண்டியிருக்கிறீர்கள்.

எனக்கு முன்னால் மார்சலி என்று ஒருத்தி பிறந்திருக்கிறாள். அவள் இறந்திருந்தால் அந்தப் பெயரை எனக்கே வைத்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு முன் போஸ்டனில் வீட்டுவேலை பார்த்த வருஷங்களைப் பற்றி நீங்கள் வாயே திறந்ததில்லை.

எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. முப்பது வருஷமாக எனக்கு ஓர் அக்கா இருந்திருக்கிறாள். பதில் எழுதுங்கள்.

கிர்ஸ்டி

கேப் பிரிட்டன்,
11 ஜூன் 1968

கிர்ஸ்டி கண்ணே,

இரண்டு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. கை வரவில்லை.

பத்தொன்பது வயதில் போஸ்டனில் அவளைப் பெற்றேன். யாருடைய குழந்தை என்று மட்டும் கேட்காதே. ஆறு வாரம் பால் கொடுத்தேன். பிறகு அநாதை இல்லத்திலிருந்து வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போனேன். பெயரை மட்டும் அவளிடம் சொன்னேன். அதையும் மாற்றியிருப்பார்கள்.

உன் அப்பாவிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். நீ பிறந்தபோது அவர் தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "மார்சலின்னே வச்சிடலாம், மோராக். அந்தப் பிள்ளை எங்கேயோ வேற பேர்ல வளரும்" என்றார்.

"வச்சா, அவ செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்" என்றேன்.

அதற்கப்புறம் சாகும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உனக்குத் தன் அம்மா பெயரை அவரே வைத்தார்.

அவள் முகம் எனக்கு மறந்துவிட்டது, கிர்ஸ்டி. பெற்றவளுக்கு முகம் மறந்துவிட்டது என்று யாரிடம் சொல்லி அழுவேன்?

ஊர் பேசினால் பேசட்டும். நார்மனிடம் நானே சொல்கிறேன். பட்டியலில் உனக்கு மேலே இப்படி எழுது: மார்சலி. பிறப்பு 9 மார்ச் 1931, போஸ்டன். தாய் மோராக்.

இறப்பு என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதாதே.

அம்மா