கொடிமரமான பாய்மரம்

டிசம்பர் 9, செவ்வாய்

புயலில் மாதா கோயில் கொடிமரம் முறிந்துவிட்டது. நாளை கொடியேற்றம். பட்டினப்பாக்கத்துக் குப்பத்தில் முறியாமல் மிஞ்சியது ஒரே ஒரு பாய்மரம். லூர்தம்மா அதைக் கரையில் நட்டு, கடலிலிருந்து இன்னும் திரும்பாத கணவனுக்காக உச்சியில் லாந்தர் கட்டியிருந்தாள். மரத்தைக் கேட்டு வாங்கிவரத் திருவிழாக் கமிட்டி ஒருமனதாக என்னை அனுப்பியது. கூட வர ஒருவருக்கும் நேரமில்லை.

“எட்த்துக்கினு போ வாத்யாரே,” என்றாள். “ஆனா கொடிக்கு மேல லாந்தர் எரியணும். அத்த பாத்துதான் அந்தாளு கர சேரணும்.”

அவள் சம்மதித்த பிறகு கமிட்டிக்காரர்களும் வந்தார்கள்; மரத்தைக் கொண்டுவந்து கோயில் சுவரில் சாத்தினோம். மாதாவின் கொடிக்கு மேலே மண்ணெண்ணெய் விளக்கு தகுமா என்று இருட்டும்வரை விவாதித்து, காலையில் சாமியாரைக் கேட்பதென்று தீர்மானித்தோம்.

வீடு திரும்பும்போது காற்று மறுபடி எழுந்திருந்தது. லூர்தம்மா லாந்தரைக் கையில் தூக்கிப் பிடித்தபடி கரையில் நின்றாள். அவள் ஐந்தடிகூட இல்லை.