என் பெயரில் இருந்த கைக்கடிகாரம்

என்னங்க,

என்னிடம் சொல்லாமல் கொள்ளாமல் என் கைக்கடிகாரம் பதிவு செய்த நடை, தூக்கம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் உங்கள் ஆய்வுக் கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு மறதி நோய் வரப்போகிறது என்று அது சொன்னதாம். அதை என்னிடம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. என் தம்பியிடம் போய், "உங்க அக்காவைப் பாத்துக்கப்பா" என்று மூக்கைச் சிந்தியிருக்கிறீர்கள்!

நான் என்ன, உங்கள் சோதனை எலியா?

ஆறு மாதமாக அந்தக் கடிகாரத்தைக் கட்டியிருப்பது நீங்கள். சார்ஜரிலிருந்து உங்களுடையது என்று மாற்றி எடுத்துவிட்டீர்கள். மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும், "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று என்மேல்தான் பாய்ந்தீர்கள். அதனால்தான் இப்போது எழுதித் தருகிறேன்.

எனக்கென்று வாங்கிய டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்யாதீர்கள். வியாழன், பத்து மணி. நான் கூட்டிப்போகிறேன்.

கோபம் துளியும் ஆறாத,
உங்கள் மனைவி