துவரையை விற்றுவிட்டேன்

தமாகோன் கிராமம்,
மோன்யுவா.
தண்ணீர்த் திருவிழா முடிந்த ஆறாம் நாள்.

கோ ஞான் வை அவர்களுக்கு,

புத்தர், தர்மம், சங்கம் என்னும் மும்மணிகளின் காவலில் நீங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும் மா யீ மோன் எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் பியூவும் சுகம். அவளுக்குப் பங்குனி வெயிலில் வந்த வேர்க்குரு தனக்காக் கட்டையை அரைத்துப் பூசிப் பூசி ஆறிவிட்டது.

பக்கத்து வீட்டு கோ மௌங் நாளை தாய்லாந்துக்கு, நீங்கள் இருக்கும் மகாச்சாய்க்கே திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் முதலில் கேட்பது துவரை விலை. அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் காசு தீர்ந்துவிடுகிறது. இந்த மாதக் கடைசியில் மீன் கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்பார்கள் என்று சொன்னீர்கள். அதற்கு முன்னால் இது உங்கள் கைக்கு வர வேண்டும்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். துவரையை விற்றுவிட்டேன். போன வருடத்து மூட்டை, இந்த வருடத்து மூட்டை எல்லாம் சேர்த்து நூற்றுப் பத்துக் கூடை. கூடை பன்னிரண்டாயிரம் கியாட். இருபத்தைந்துக்குக் கீழே கொடுக்காதே என்று நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. தெரிந்துதான் விற்றேன்.

அறுவடை முடிந்த சமயத்தில், வாங்குவதை நிறுத்தியிருந்த இந்தியாவில் மறுபடி வாங்கப்போகிறார்கள், கப்பல் வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது நினைவிருக்கும். தரகர் ஊ போ லோன் தானாகவே மோட்டார் சைக்கிளில் வந்து பதினெட்டாயிரம் என்றார். உங்களைக் கேட்டேன், பொறு என்றீர்கள். பொறுத்தேன். அந்த வாரமே அது வெறும் பேச்சு என்று ஆகிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு ஊரே பொறுத்தது. ஊ போ லோன்தான் இன்னும் கிண்டல் செய்கிறார். “உன் வீட்டுக்காரர் அங்க மீன் செதில் எடுத்துக்கிட்டே இங்க துவரைக்கு விலை வைக்கிறார். இப்படி ஒரு வேலை எனக்குக் கிடைக்கலையே, மா யீ” என்கிறார். சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது, எடை போடுவது அவர் தராசு.

மூட்டைகளோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. சாம்பல் கலந்தேன், வேப்பிலை போட்டேன், வெயிலில் காயவைத்து மறுபடி கட்டினேன். அப்படியும் போன வருடத்து மூட்டைகளில் வண்டு விழுந்துவிட்டது. ராத்திரி அமைதியில் காதை வைத்தால் உள்ளே கறக் கறக் என்று கேட்கும். அடுக்கிக்கொண்டே போனதில் மூட்டை புத்தர் மாடத்தை விட உயரமாகிவிட்டது. அது தகாது என்று மேல் வரிசையை இறக்கி நாங்கள் படுக்கும் இடத்தில் போட்டேன். பிறகு நாங்கள் வாசல் பக்கம் படுத்தோம்.

பிக்குகளின் பிட்சைப் பாத்திரத்தில் போட வீட்டில் கறி இல்லாத நாட்கள் வந்தன. துவரையை அவித்து, கடலை எண்ணெயில் வெங்காயம் வதக்கிப் போட்டேன். பார்த்தால் தெருவில் எல்லா வீட்டிலும் அதேதான். தாங்கள் உண்பதை விட மட்டமானதைக் கொடுப்பவர் தானத்துக்கு அடிமை, சமமானதைக் கொடுப்பவர் தோழர், மேலானதைக் கொடுப்பவர் எஜமானர் என்று படித்திருக்கிறேன். விற்காததைக் கொடுப்பவரை என்னவென்று சொல்வது? உபவாச நாளில் மடத்துக்குப் போனபோது பெரிய பிக்குவிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். “நீங்களும் அதைத்தானே சாப்பிடுறீங்க, உபாசகியம்மா. தோழர் கணக்கிலேயே வச்சுக்கலாம். ஆனா சின்னச் சாமிகளுக்கு வயிறு உப்புசம். தினமும் வேண்டாம், வெறும் சோறு போதும்னு தெருவில சொல்லிடுங்க” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் சொன்னேன். எல்லாருக்கும் நிம்மதி என்றுதான் தோன்றியது.

மோன்யுவா சந்தையில் மசாலா விற்கும் இந்திய வம்சத்து அம்மாளிடம், உங்கள் ஆட்கள் இதை எப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். தோலை நீக்கிப் பிளந்து, மஞ்சளோடு குழைய வேகவைத்து, புளியும் காயும் போட்டுக் கொதிக்கவிட வேண்டுமாம். தினமும் சாப்பிடுவார்களாம், அலுக்காதாம். செய்து பார்த்தேன். பியூ இரண்டு முறை கேட்டு வாங்கினாள். தோல் நீக்கத்தான் எனக்குக் கை போதவில்லை.

இந்தியாக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கேயும் துவரை போட்டவன் இருப்பான். அவனுக்கு விலை விழக்கூடாது என்றுதான் நம்முடையதை வேண்டாம் என்கிறார்களாம். அவனும் வாழட்டும் என்று அந்தத் திசையைப் பார்த்தும் மெத்தா பிரார்த்தனை சொல்கிறேன். கூடை நாற்பத்தைந்தாயிரம் விற்ற வருடம் நாம் அவனை நினைக்கவில்லை. எள் போட்ட நிலத்தையும் மாற்றித் துவரை போட்டோம், மாட்டை விற்றுத் தவணையில் உழவு வண்டி எடுத்தோம். ஊரே எடுத்தது.

இனி, ஏன் விற்றேன் என்று சொல்கிறேன்.

வருடப் பிறப்பன்று மடத்தில் நீர் வார்த்துப் புண்ணியம் பகிர்ந்தோம். போய்ச் சேர்ந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வரும்போது, என் அப்பா பெயரையும் உங்கள் அக்கா பெயரையும் சொன்னேன். பியூ என் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக, “அப்பாவுக்கும்” என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர்வீட்டு டோ ஓன் அக்கா அவளைத் தட்டி, “அடி போக்கிரி, உங்கப்பா தாய்லாந்துல இருக்காருடி” என்றார். அதற்கு இவள், “தாத்தாவும் எங்கயோ நல்ல இடத்துல இருக்கார்னுதானே அம்மா சொன்னா” என்றாள்.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நான் அவளைத் திட்டவும் இல்லை. இரண்டு வயதில் விட்டுவிட்டுப் போனீர்கள், அவளுக்கு இப்போது ஐந்து. அவளுக்குத் தெரிந்த வரையில் அவள் சொன்னது சரிதான்.

மறுநாள் காலையில் ஊ போ லோனுக்கு ஆள் அனுப்பினேன். பதினொன்று என்று ஆரம்பித்தார். வண்டு விழுந்த மூட்டையை ஒதுக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால்தான் தருவேன் என்றேன். பன்னிரண்டில் நின்றது. அவரும் பாவம், அதற்கு மேல் அவரிடம் இல்லை.

வந்ததில் விதைக் கடனும் பூச்சிமருந்துக் கடனும் தீர்ந்தன. போன அறுவடையில் காய் பறித்தவர்களுக்கு நின்ற கூலியைக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டவர்கள் என்னை விட ஆச்சரியப்பட்டார்கள். உழவு வண்டியைக் கடைக்காரரிடமே திருப்பிவிட்டேன். இதுவரை கட்டிய தவணை போய்விட்டது. நீங்கள் அனுப்பியதில் பாதி அதுதான் என்று எனக்குத் தெரியும், உங்களை விட நன்றாகத் தெரியும், மாதா மாதம் கொண்டுபோய்க் கட்டியவள் நான். வண்டியை ஏற்றிக்கொண்டு போகும்போது அழவில்லை. வீட்டுக்குள் வந்து மூட்டை இருந்த இடத்தைப் பெருக்கினேன். இப்போது யாருக்கும் நாம் தர வேண்டியதில்லை. நமக்கு என்று மிஞ்சியதும் அநேகமாக இல்லை. முதல் மழை வரைக்கும் அரிசி இருக்கிறது.

நிலம் இருக்கிறது. இந்த முறை ஊர் முழுக்கப் பச்சைப்பயறு போடப் போகிறதாம். எல்லாரும் அதையே போட்டால் அதற்கும் இதே கதி வரும் என்று டோ ஓன் அக்காவிடம் சொன்னேன். “அப்ப நீ என்னத்தடி போடுவ, உருத்திராட்சமா?” என்று கேட்டார். கொஞ்சம் எள், கொஞ்சம் கடலை, வீட்டுக்குத் துவரை என்று மனதில் ஓடுகிறது. இன்னும் விதை வாங்கவில்லை. வாடகை ஏருக்கும் சொல்லி வைக்கவில்லை.

விலை பழையபடி ஆனதும் வந்துவிடுகிறேன் என்று போகும்போது சொன்னீர்கள். பிறகு போனிலும் அதையேதான் சொன்னீர்கள். அந்த வார்த்தை மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நினைக்க வேண்டாம். விலையின் மேல்தான் இல்லை. இப்போது நம் வீட்டில் ஒரு மூட்டை கூட இல்லை. இனி விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. நீங்கள் காத்திருக்கும்படி நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

உங்களைக் கேட்காமல் செய்ததற்கு என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள். நேரில் திட்டினால் நன்றாகக் கேட்டுக்கொள்வேன். வெறுங்கையோடு ஊருக்குள் நுழைவது எப்படி என்று மட்டும் யோசிக்க வேண்டாம். இந்த ஊரில் இப்போது யார் கையிலும் ஒன்றும் இல்லை. உங்களை யாரும் தனியாகப் பார்க்க மாட்டார்கள்.

நீரிலும் இயந்திரத்திலும் வழியிலும் உங்களுக்கு ஆபத்து வராமல் இருக்கட்டும். பகையும் நோயும் அணுகாமல் இருக்கட்டும். மாதக் கடைசியில் கம்பெனியில் பேனாவை எடுக்கும் உங்கள் கைக்கு நல்ல புத்தி வரட்டும்.

வணங்கி,
மா யீ மோன்