வண்டியை ஓட்டியது அம்மா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் நலம், நீ நலமா என்று தொடங்குவதுதான் முறை. அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. உன் அத்தானுக்கு வந்த மாற்றல் ரத்தாகிவிட்டது. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நல விசாரிப்பு இத்தோடு போதும். வயிறு எரியும்போது வாய் இனிக்கப் பேச எனக்கு வராது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பழைய கார் கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். நம் இத்தாலி வண்டியை வாங்கிப் போன வியாபாரி அதைப் புதுப்பித்து அங்கே வைத்திருப்பதாகப் பேப்பரில் படம் வந்திருந்தது. அம்மா பீரோவிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிறவள் மாதிரி முகம்.

வண்டி ஜொலித்தது, பொய் சொல்லக் கூடாது. சுற்றிலும் கயிறு கட்டி, கூடத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை. போருக்கு முன் இத்தாலியில் செய்தது, இந்த ரகத்தில் உலகத்திலேயே சிலதான் மிச்சம் என்பது வரை சரி. அதற்குப் பிறகு எல்லாம் கதை. ஓர் அரண்மனையிலிருந்து வந்ததாம். வாங்கிய டாக்டர், அதாவது நம் அப்பா, வேறு யாரையும் தொடவிடாமல், ஞாயிறுதோறும் தானே கொஞ்ச தூரம் ஓட்டி, பூப்போல வைத்திருந்தாராம்.

எந்த அரண்மனை? துறைமுகம் கட்ட வந்த இத்தாலிக்காரப் பொறியாளரை, போர் வந்ததும் எதிரி நாட்டான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் விட்டுப்போன வண்டி ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கோழி அடையக் கிடந்தது. அப்பா கேட்டார், சனியன் ஒழிந்தது என்று கொடுத்தார்கள். இது ஊருக்கே தெரியும். அதை அப்பா ஓட்டினாராம். அப்பாவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே மரக்கால். கிளட்சை எதை வைத்து மிதித்தார்?

ஓட்டியது அம்மா. அந்த வண்டியில் ஆக்சிலேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில். பழகாதவன் நிறுத்த நினைத்து மிதிப்பான், வண்டி பாயும். ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறிய கம்பவுண்டர் பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துத் தள்ளிய பிறகு யாரும் சாவி கேட்கவில்லை. அம்மா மட்டும் பழகினாள். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் அப்பாவை நோயாளிகளின் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கினாள். உன்னை வயிற்றில் சுமந்துகொண்டும் ஓட்டினாள். ஸ்டீயரிங் வயிற்றில் இடிக்கிறதென்று இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கால் எட்டாமல் செருப்புக்கு அடியில் கட்டை வைத்துக் கட்டிக்கொண்டாள். பிள்ளைத்தாய்ச்சியை ஓட்டவிடுகிறாரே, இவரெல்லாம் டாக்டரா என்று ஊர் ஏசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூச்சுத் திணறிய குழந்தைகளும் பாம்பு கடித்தவர்களும் அந்தப் பின் இருக்கையில் படுத்துப்போய்ப் பிழைத்தார்கள்.

விற்ற அன்று நடந்ததாவது நினைவிருக்கிறதா? வியாபாரியின் டிரைவர் லாரியில் ஏற்றப் போய் நம் கேட்டை இடித்தான். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே சாய்வுப் பலகை மேல் ஓட்டி ஏற்றிவிட்டு இறங்கினாள். நீ வாசலில் நின்று கை தட்டினாய். அவள் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "யார் வாங்கினாலும், இதை ஓட்டினது நான்தான்னு சொல்லிடுப்பா." பூம்பூம் மாடு போலத் தலையாட்டினாய்.

கண்காட்சியில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அரண்மனைக் கதைப் பலகையை முழுக்கப் படித்தாள். பிறகு கயிற்றுக்கு மேலே கை நீட்டி மட்கார்டைத் தொட்டாள். காவலாளி ஓடி வந்து, "தொடக் கூடாதும்மா, இது ரொம்ப உசத்தியான வண்டி" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. வியாபாரியைக் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தேன். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே, "வயசானவங்களுக்கு ஞாபகம் முன்னப்பின்ன இருக்கும். உங்க தம்பியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரே" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். வண்டி யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்கான சான்று. பலகையில் இருந்த அதே கதை, அடியில் நீ. வாங்குகிறவர்களுக்கு அரண்மனைதான் பிடிக்கிறதாம். வீட்டுப் பெண்பிள்ளை நோயாளிகளை ஏற்றி ஓட்டியது என்றால் வாடகைக் கார் போலத் தோன்றுமாம்.

அம்மா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். "கையெழுத்து நல்லா வந்திருக்கு. சின்ன வயசுல கிறுக்கித் தள்ளுவான்" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உனக்கு எழுதாதே என்று மட்டும் சொன்னாள். "அங்க தனியா இருக்கான், மனசு கஷ்டப்படுவான்." கஷ்டப்படு.

வியாபாரியிடம் வண்டியை விலை பேசியிருப்பவருக்கும் கண்காட்சி நடத்துபவர்களுக்கும் உண்மையை எழுதிவிட்டேன். மகனே ஒப்புக்கொண்ட பிறகு மகள் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்திருக்கிறது. ஆகவே போட்ட கையெழுத்தை நீதான் திரும்பப் பெற வேண்டும். படிக்காமல் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. சோப்பு உறையைக்கூடப் படிக்காமல் பிரிக்காதவன் நீ.

வழக்கம்போல உனக்குத் தன் ஆசியை எழுதச் சொன்னாள் அம்மா. இந்த முறை நான் எழுதப்போவதில்லை. நேரில் வந்து, அவள் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொள்.

இன்னமும் உன்மேல் பாசம் குறையாத,
அக்கா