நட்சத்திரமாக வந்த விலாசம்

மார்ச் 4, செவ்வாய்

முன்பின் தெரியாத என் ஜோடிக்கு,

வணக்கம். ஜோடி என்று நானாகச் சொல்லவில்லை. 'மீண்டும் வேலைக்கு' ஆன்லைன் வகுப்பில் நம் இருவரையும் அப்படித்தான் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். வேலை தேடுகிறவர்கள் மனம் விட்டுப்போகாமல் இருக்க வாரம் ஒரு கடிதம் எழுதிக்கொள்ள வேண்டுமாம். பெயர் கூடாது, விலாசம் கூடாது. வகுப்பின் பக்கத்தில் எழுதினால் அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வேலை கிடைத்தவர் அங்கிருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அத்தோடு அவர் கணக்கு மூடிவிடும், கடிதப் போக்குவரத்தும் அவ்வளவுதான். அந்த இடம் காத்திருக்கிற இன்னொருவருக்குப் போகும்.

நான் டயர்க் கிடங்கில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். எந்த டயர் எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கிடங்கை மூடிவிட்டார்கள். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு சுவரைப் பார்க்கிறேன். வயது ஐம்பத்து நான்கு, ஒண்டிக்கட்டை.

நேற்று கேமரா முன்னால் மாதிரி நேர்காணல். கம்ப்யூட்டர் என் சிரிப்புக்குப் பத்துக்கு மூன்று மார்க் போட்டது. உங்களுக்கு எவ்வளவு?

இப்படிக்கு,
ஸ்டோர் கீப்பர்


மார்ச் 6, வியாழன்

ஸ்டோர்க்கார அண்ணனுக்கு,

வணக்கம். எனக்கு இரண்டு மார்க். வயதிலும் மார்க்கிலும் நீங்கள் மூத்தவர் என்பதால் அண்ணன் என்றே கூப்பிடுகிறேன்.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை பார்த்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கணவர் பக்கவாதத்தில் படுத்தார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் வேலையை விட்டேன். போன வருஷம் அவரும் போய்விட்டார். விண்ணப்பத்தில் 'இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தீர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'சொந்தக் காரணங்கள்' என்று போடச் சொல்கிறார்கள். பதினோரு வருஷத்துக்கு இரண்டு வார்த்தை.

பாட வீடியோவில் வருகிற பெண் ஒவ்வொரு பாடம் முடிந்ததும், "ரொம்ப நல்லா பண்ணீங்க" என்கிறாள். நான் ஒன்றும் பண்ணியிருக்க மாட்டேன். இருந்தாலும் அதைக் கேட்பதற்காகவே ஒரே பாடத்தை இரண்டு தடவை போடுகிறேன். இந்த வீட்டில் வேறு பேச்சுக் குரல் இல்லை.

அவசரம் என்றால் கூப்பிடுங்கள், என் நம்பர்: ★★★★★★★★★★ 

அன்புடன்,
லேப்காரி


மார்ச் 11, செவ்வாய்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் நம்பர் பத்து நட்சத்திரமாக வந்தது. கூடவே எச்சரிக்கையும் வந்தது, இன்னொரு தடவை செய்தால் ஜோடியைப் பிரித்துவிடுவார்களாம். எண்ணைப் பார்த்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கு மூக்கில் வேர்த்துவிடுகிறது. நாம் வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்போம்.

அந்தக் கட்டத்தில் 'சொந்தக் காரணங்கள்' வேண்டவே வேண்டாம். நான் ஸ்டோர்க்காரன், உள்ளே இருப்பதை இல்லை என்று எழுதினால் எனக்குத் தூக்கம் வராது. வேளை தவறாமல் மருந்து கொடுத்தீர்களா? சர்க்கரை பார்த்து ஊசி போட்டீர்களா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தீர்களா? எல்லாவற்றையும் எழுதுங்கள். பதினோரு வருஷம் ஒரே ஆளாக ஒரு வார்டையே நடத்தியிருக்கிறீர்கள்.

இதைப் படித்ததும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் கொஞ்சம் சிரியுங்கள். இரண்டு மார்க்குக்கு அதுவே போதும்.

உங்கள் அண்ணன்


ஏப்ரல் 10, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி எழுதியதில் ஒரு ஆஸ்பத்திரி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. முந்தாநாள் போனேன். வாசல் வரைக்கும்தான் போனேன்.

கதவு திறந்தது. ஸ்பிரிட் வாசனை வந்தது. அதற்குமேல் கால் நகரவில்லை. வாட்ச்மேன், "யாரைப் பாக்கணும்மா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். வகுப்பில் நேர்காணல் நல்லபடி முடிந்தது என்று டிக் அடித்துவிட்டேன். உங்களிடம் மட்டும்தான் உண்மை. திட்டுவதென்றால் திட்டுங்கள், யாராவது என்னைத் திட்டியே ரொம்ப நாளாகிறது.

லேப்காரி


ஏப்ரல் 13, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

திட்டத்தான் போகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். வாட்ச்மேன் கேட்டால் யாரும் இல்லை என்றா சொல்வது? "வேலைக்கு வந்திருக்கேன்" என்று சொல்ல வேண்டாமா? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அன்றைக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் கொடுங்கள் என்று கேளுங்கள். பொய்தான், பாவம் என்மேல் இருக்கட்டும்.

போகும்போது இந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கால் நின்றுபோனால் பையைத் தொட்டுப் பாருங்கள், அண்ணன் பின்னாலேயே நிற்கிறான்.

கட்டைவிரலில் பெட்டியின் இரும்புப் பட்டை கிழித்துவிட்டது, அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்


ஏப்ரல் 24, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

பையைத் தொட்டேன். உள்ளே போய்விட்டேன். ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. "முடிஞ்சுதாம்மா?" என்று அவரே கேட்டார். முடிவு சொல்ல இரண்டு வாரம் ஆகுமாம்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலை இல்லாதவருக்கு யார் சாப்பாட்டு மணி அடிக்கிறார்கள்? வீட்டில் சும்மா இருக்கிறவர் விரலைப் பெட்டிப் பட்டை எப்படிக் கிழிக்கும்? முன்பெல்லாம் செவ்வாய்க்கிழமை எழுதுவீர்கள், இந்த மாதம் பூராவும் ஞாயிற்றுக்கிழமைதான் கடிதம் வருகிறது. துளி ரத்தத்தில் நோயைக் கண்டுபிடிக்கிறவளிடம் இதையெல்லாம் மறைக்கலாமா? உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்காக இரக்கப்பட்டுப் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எனக்குச் சந்தோஷம், அதைவிடக் கோபம். உங்கள் இடத்துக்கு யாரோ ஒருவர் காத்திருப்பார். என்மேல் யாரும் இரக்கப்பட வேண்டாம், பதினோரு வருஷமாக அது நிறையக் கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அழுத்துங்கள். என் பதிலுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது.

தங்கை


ஏப்ரல் 27, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். முதல் தேதியிலிருந்து ஒரு பெட்டிக் கம்பெனியில் ஸ்டோர் வேலை. சொல்லியிருக்க வேண்டும், தப்புத்தான்.

ஆனால் அது இரக்கம் இல்லை. இங்கே அறுபது பேர் வேலை செய்கிறார்கள். "பெரிசு, அந்த லோடு எங்க?" என்பார்கள், கையைக் காட்டுவேன், போய்விடுவார்கள். வேலை வந்தால் பேச்சுத் துணையும் கூடவே வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வாரம் பூராவும் எனக்கென்று வருவது உங்கள் கடிதம் ஒன்றுதான். அதை விட மனசு வரவில்லை. பரிதாபத்துக்குரியவன் நான்தான் தங்கச்சி, நீங்கள் இல்லை.

கீழே என் விலாசம் இருக்கிறது. கதவு எண்ணைக்கூட எழுத்தாலேயே எழுதியிருக்கிறேன். எண்ணைத்தானே அது அழிக்கும்? இருபத்தாறு வருஷம் ஸ்டோர் பார்த்தவன் மூளை எப்படி?

★★★★★ ★★★★★★ ★★★★
★★★★★★★ ★★★★★ 

இந்த விலாசத்துக்கு எழுதுங்கள். கட்டாயம் இல்லை. கடிதம் வராவிட்டால், இவன் தொல்லை போதும் என்று தங்கச்சி நினைக்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன். தப்பாக நினைக்க மாட்டேன். நீங்கள் சொன்னபடியே, இதை அனுப்பியதும் காத்திருக்காமல் அழுத்திவிடுகிறேன்.

என்றும் அண்ணன்


மே 11, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

'இவர் கணக்கு மூடப்பட்டது, கடிதம் சேராது' என்று மேலேயே சிவப்பில் எழுதியிருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். கணக்கு மூடிய பிறகு எழுதுவதில் இது நாலாவது.

உங்கள் விலாசம் இரண்டு வரி நட்சத்திரமாக வந்தது. ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. உடனே பதில் போட்டேன், அதற்குள் நீங்கள் அழுத்திவிட்டீர்கள். காத்திருக்கக் கூடாது என்று சொன்னது நான்தான். என் வாயை என்ன சொல்ல.

வகுப்புக்குப் போன் செய்தேன். "உங்க ஜோடிக்கு வேலை கெடச்சிருச்சு, நல்ல விஷயம்தானே மேடம்? புது ஜோடி போட்டுத் தர்றோம்" என்றாள் ஒரு பெண். விலாசம் மட்டும் கேட்டேன். தர முடியாதாம். எந்த ஊரில் என்றாவது சொல்லுங்கள் என்றேன். அதுவும் முடியாதாம். பெட்டிக் கம்பெனிகள் பட்டியலை எடுத்துப் பதினாலு இடத்துக்குப் போன் போட்டேன். பெயர் என்ன என்று கேட்கிறார்கள். எனக்கு உங்கள் பெயர் தெரியாதே.

வேலை கிடைத்துவிட்டது அண்ணா. புதன்கிழமை சேர்ந்தேன். நானும் பச்சைப் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை. இந்தப் பக்கத்தை விட்டால் என்னைத் தேட உங்களுக்கு வேறு இடம் இல்லை. அந்த வேலை போய் நீங்கள் மறுபடியும் இந்த வகுப்பில் வந்து சேர வேண்டும் என்று நேற்று வேண்டிக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட தங்கை பாருங்கள். இன்று காலையில் எழுந்ததும் அதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் இந்நேரம் கதவைத் திறந்து தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு, தப்பாக நினைக்காமல், உள்ளே போயிருப்பீர்கள்.

நான் எழுதாமல் இல்லை அண்ணா.

உங்கள் தங்கை